பொண்ணுங்க காலேஜ் ரக்பி 2016ல தான் ஆரம்பிச்சுதா?

"2016 ரியோ ஒலிம்பிக்ஸுக்கு அப்புறம் தான் காலேஜ்ல பொண்ணுங்க ரக்பி டீமே வந்துச்சு, அதுவும் டேக்கிள் (பந்தோட ஓடுறவங்களை பிடிச்சு கீழ சாய்க்கிறது) இல்லாத லைட் வெர்ஷன்"னு ஒரு மெசேஜ் சுத்துது. ரெண்டுமே தப்புங்க.

ரியோல அறிமுகமானது செவன்ஸ், அதாவது ஏழு பேர் ஆடுறது. அமெரிக்க காலேஜ்கள்ல பொண்ணுங்க 1970கள்லயே கிளப் ஆரம்பிச்சுட்டாங்க. 1972ல டைட்டில் 9, அதாவது படிப்புல ஆண் பெண் பாகுபாடு கூடாதுங்கிற அமெரிக்க சட்டம் வந்து பொண்ணுங்க விளையாட்டுக்கு கதவு திறந்த காலம் அது, ஆனா ரக்பி பெரும்பாலும் மாணவிகளே நடத்துற கிளப்பா தான் இருந்துச்சு, அவங்களே ஆள் சேர்த்து அவங்களே மேட்ச் ஏற்பாடு பண்ணி ஆடுனாங்க, அந்த உழைப்பை ஒரே மெசேஜ்ல அழிச்சிடறது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. 1991ல வேல்ஸ்ல நடந்த முதல் பெண்கள் உலகக்கோப்பை ஃபைனல்ல இங்கிலாந்தை 19-6னு ஜெயிச்சதே அமெரிக்கா தான்! 2002ல அமெரிக்க காலேஜ் விளையாட்டை நடத்துற அமைப்பான என்சிஏஏ ரக்பியை பெண்களுக்கான வளர்ந்து வர்ற விளையாட்டு பட்டியல்ல சேர்த்துச்சு.

டேக்கிள் விஷயமா? ஃபுல் டேக்கிள் தான். ஃபிஃப்டீன்ஸ்ல 15 பேர், 80 நிமிஷம், ஆண்களுக்கு உள்ள அதே அஞ்சாம் நம்பர் சைஸ் பந்து. ஸ்க்ரம்ல, அதாவது ரெண்டு டீமும் பந்துக்காக கூட்டமா முட்டித் தள்ளுறப்போ, ஒவ்வொரு டீம்லயும் எட்டு பேர் ஒருத்தர் ஜெர்சியை ஒருத்தர் இறுக்கிப் பிடிச்சு, தோளோட தோள் முட்டித் தள்ளுவாங்க, வாய்ல மவுத்கார்டோட.