மைக் மட்டும் காரணமல்ல
சிம்பொனிப் பதிவுகளில் நுணுக்கங்கள் கேட்பது ஒலிப்பதிவாளரின் திறமையால்தான், வாத்தியக் குழுவை வழிநடத்தும் இசை நடத்துநர் வேகத்தை மட்டுமே தீர்மானிக்கிறார் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ரஷ்ய இசையமைப்பாளர் சாய்க்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பொனியை (1893) எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியின் தொடக்கத்தில் நம் காதில் விழும் மெட்டை எந்த வயலின் குழுவும் முழுதாக வாசிப்பதில்லை. முதல் வயலின்களுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் வயலின்களுக்கு அடுத்த ஸ்வரம் என்று மாற்றி மாற்றி எழுதியிருக்கிறார். இரு குழுக்களும் இடப்பக்கமே சேர்ந்து உட்கார்ந்தால் இந்தப் பிரிவினை கேட்கவே கேட்காது. ரஷ்ய நடத்துநர் மிராவின்ஸ்கி இந்த இரு குழுக்களையும் மேடையின் இரு பக்கங்களிலும் எதிரெதிரே அமர்த்தினார். லெனின்கிராட் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் அவர் 1960இல் செய்த ஸ்டீரியோ பதிவை மாட்டுங்காவில் என் வீட்டில் ஹெட்போனில் கேட்டபோது, அந்தப் புலம்பல் இடமும் வலமுமாகக் கிழிபட்டு வந்தது, உடம்பு சிலிர்த்துவிட்டது. பிறகு அதே மெட்டு முதல் வயலின்களிடம் முழுதாகத் திரும்பும் இடத்தின் வலியும் அப்போதுதான் புரிந்தது. எந்த மைக்கும் இதை உண்டாக்கியிருக்க முடியாது. மோனோ பதிவில் இதெல்லாம் ஏது என்று மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் கேட்டிருக்கிறார். இட வல வேறுபாடு அதில் இல்லை, உண்மைதான். ஆனால் என்பிசி ஆர்கெஸ்ட்ராவுடன் நடத்துநர் டோஸ்கானினி செய்த பீத்தோவன் பதிவுகள் மோனோவே. அவற்றில் வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாக்களும் மரக்குழல் கருவிகளும் எவ்வளவு தெளிவாகக் கேட்கின்றன! எந்தக் கருவி எப்போது அடங்க வேண்டும் என்று ஒத்திகையிலேயே முடிவு செய்தவர் அவர். நம் மும்பையிலேயே, நாரிமன் பாயின்ட் ஜம்ஷெட் பாபா அரங்கில் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா வாசிக்கும்போது எந்தக் கருவி எழ வேண்டும், எது அடங்க வேண்டும் என்று காட்டும் நடத்துநரின் இடது கையைக் கவனியுங்கள், கட்டுரையாளரே.