நீ வந்த வாரம்தான் விலை விழுந்தது

(கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. வெளியே மழை. விதரிங் தொட்டிகளுக்கு, அதாவது ஃபேன் காற்றில் பச்சை இலையை வாட்டும் தொட்டிகளுக்கு, நடுவே புதிதாகச் சேர்ந்த சிவாவும், தூள் சலிக்கும் அறையில் வேலை செய்யும் ராணி அக்காவும்.)

சிவா: மேனேஜர் சொன்னதைக் கேட்டீங்களா அக்கா? நான் சேர்ந்த வாரம்தான் குன்னூர் ஏலத்தில் நம்ம தூளுக்கு விலை விழுந்ததாம். அதனால் என் விதரிங் மோசமாம்.

ராணி: அதே வாரம் எங்கள் வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டது. அதையும் உன் கணக்கில் எழுதச் சொல்லு.

சிவா: எல்லாத் தொழிற்சாலைத் தூளுக்கும்தான் விலை இறங்கியது, மழையில் இலை வரத்து கூடிவிட்டது என்றேன். "பத்தாவது ஃபெயிலான நீ எனக்கு மார்க்கெட் சொல்லித் தருகிறாயா?" என்கிறார்.

ராணி: வரத்து கூடியதா இல்லையா என்று உன் மார்க் ஷீட்டைப் பார்த்தா தெரியும்?

சிவா: அதோடு விட்டாரா? இலை ஈரமாக வருகிறது, வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் கூட வாடட்டும் என்றேன். "அப்போ தொழிற்சாலையை மூடிவிட்டு எல்லாரும் தூங்கலாம் என்கிறாயா?" என்று கத்துகிறார்.

ராணி: நீ கேட்டது இரண்டு மணி நேரம். அவர் திட்டியது நீ கேட்காத லீவுக்கு. என் மகள் பரீட்சைக்கு மணிமேகலை படிக்கிறாள். 29ஆம் காதையில் அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி இந்த மாதிரி ஓட்டை வாதங்களைப் பிரித்துப் பிரித்துச் சொல்கிறார். ஏதுப் போலி மட்டுமே 14 வகையாம். காரணம் மாதிரியே இருக்கும், ஆனால் முடிவைத் தாங்காது.

சிவா: 14தானா? நம்ம ஆள் அதைக் காலை மீட்டிங்கிலேயே முடித்துவிடுவார்.

ராணி: (சிரிக்கிறாள்) ரொம்பச் சரி.

சிவா: ஆக, அவர் சொன்னது அத்தனையும் ஓட்டை. என் விதரிங் பிரமாதம்!

ராணி: அங்கேதான் இடிக்கிறது. அவர் சொன்ன காரணம் சொத்தை, அவ்வளவுதான். அதனால் உன் இலை நன்றாக வாடியிருக்கிறது என்று ஆகிவிடுமா? அதை இலையிடம்தான் கேட்க வேண்டும். (தொட்டியிலிருந்து ஒரு காம்பை எடுத்து வளைக்கிறாள். படக்.) வாடிய காம்பு வளையும், இப்படி ஒடியாது.

சிவா: ஒரே ஒரு காம்பை வைத்து முழுத் தொட்டியையும் எடை போடலாமா அக்கா?

ராணி: அட, தேறிவிட்டாய்! நியாயமான கேள்வி. அந்த மூலையில் ஒரு பிடி எடு. (படக்.) நடுவில்? (படக், படக்.) இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திற. வாடியிருந்தால் உருண்டையாக நிற்கும்.

சிவா: (கையைத் திறக்கிறான். இலை பொலபொலவென்று உதிர்கிறது.) பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தானே அக்கா... அதுவும் மழைக் காலம்...

ராணி: இந்தத் தொட்டிக்கு ஃபேன் ஓடுகிறதா?

சிவா: ஓட வேண்டும்.

ராணி: ஓட வேண்டும் என்பது வேறு, ஓடுகிறது என்பது வேறு.

சிவா: (ஓடிப்போய் சுவிட்சைப் போடுகிறான்.) ராத்திரி கரண்ட் போனபோது நின்றிருக்கும். மேனேஜரிடம் சொல்லிவிடாதீங்க!

ராணி: அவருக்கு எங்கே நேரம்? இலை லாரி டிரைவரைப் பிடித்து வைத்திருக்கிறார். லாரி கேட்டுக்குள் நுழைந்த பிறகுதான் மழை பிடித்ததாம்.