விற்கிறவர் கொண்டுவரும் உரைகல்

2025-இல் என்விடியா கம்பெனி விட்ட 5060 கிராஃபிக்ஸ் கார்டை (கம்ப்யூட்டர் கேமின் படங்களை வரையும் பாகம்) விற்பனைக்கு முன் சுதந்திரமாகச் சோதிக்க விடவில்லை என்று விமர்சகர்கள் புகார் சொன்னார்கள். அந்த விவகாரத்தில் "ஓசி கார்டு கிடைக்காத கடுப்பில் யூடியூபர்கள் கத்துகிறார்கள்" என்று நம் ஆட்களே எழுதுவதைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பிரச்சினை கார்டு இல்லை, டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். மே 19 விற்பனைக்கு முன் எல்லா விமர்சகர்களுக்கும் வரவேண்டிய டிரைவரை என்விடியா தரவில்லை. அது இல்லாமல் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு எதை அளப்பது? பொறுக்கியெடுத்த சிலருக்கு மட்டும் கொடுத்தார்கள். எந்த கேம், என்ன செட்டிங், எந்தப் பழைய கார்டோடு ஒப்பிடுவது, எல்லாம் அவர்கள் சொன்னபடி. ஒப்பிடச் சொன்னது 2060 சூப்பரோடும் 3060-ஓடும். 5060-க்கு நேர் முந்தைய 4060 எங்கே போனது? தங்கம் விற்கிறவரே உரைகல்லையும் கொண்டுவந்தால் அது பரிசோதனை இல்லை.

அதிலும் ஏஐ கொண்டு இடையில் ஃப்ரேம்களை (திரையில் வரும் தனித்தனிப் படங்களை) உருவாக்கிச் சேர்க்கும் மல்டி ஃப்ரேம் ஜெனரேஷனை ஆன் செய்து எடுத்த எண்கள். 4 மடங்கு வைத்தால், திரையில் வரும் நான்கு ஃப்ரேமில் மூன்று ஏஐ இட்டு நிரப்பியவை. கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் மவுஸை அசைத்தால் கேம் பதில் சொல்வது மீதி இருக்கும் அந்த ஒரு ஃப்ரேமின் வேகத்தில்தான். நல்ல தொழில்நுட்பம், மறுக்கவில்லை. அதை அந்த வசதியே இல்லாத 2060 சூப்பருக்குப் பக்கத்தில் நிறுத்தி வரைபடம் போடுவது நியாயமா?

என் அக்கா பையன் இப்படி ஒரு வரைபடத்தை நம்பித்தான் 8 ஜிபி மெமரி உள்ள கார்டு ஒன்று வாங்கினான். கம்பெனி பெயர் வேண்டாம். "மாமா, சராசரி நல்லாத்தானே காட்டுது, ஏன் இப்படித் திக்குது?" என்று கேட்டான். கார்டின் மெமரி நிரம்பினால் மிச்சம் கம்ப்யூட்டரின் ரேமுக்குப் போகும். அவனுடைய பழைய மதர்போர்டில் கார்டுக்கும் ரேமுக்கும் நடுவே இருக்கும் பாதை பழைய பிசிஐஇ 3.0 வகை, இன்னும் குறுகல். சராசரி எஃப்பிஎஸ்ஸில் (நொடிக்கு எத்தனை ஃப்ரேம்) இது தெரியாது, மிக மெதுவான 1% ஃப்ரேம்களின் வேகத்தைச் சொல்லும் '1% லோ'வில்தான் தெரியும். அதை யாரும் அவனுக்குக் காட்டவில்லை. அவன் முகத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

"அவங்க பொருள், அவங்க இஷ்டம்" என்கிறீர்கள். கார்டை அனுப்புவது அவர்கள் இஷ்டம், சரி. அதற்கு முந்தைய மாதம் வந்த 5060 டிஐ கார்டின் 8 ஜிபி வகையை ரிவ்யூவுக்கு அனுப்பவில்லை. ஹார்டுவேர் அன்பாக்ஸ்டு என்ற யூடியூப் சேனல் காசு கொடுத்து வாங்கிச் சோதித்தது. ஓசிக்கு அலைகிறவர் செய்கிற காரியமா அது? டிரைவரைக் காசு கொடுத்தும் வாங்க முடியாதே!

"நாலு நாள் பொறுத்தால் உண்மை வந்துடும்." முதல் நாளே வாங்கியவர் மனுஷன் இல்லையா?

"போட்டிக் கம்பெனி ஏஎம்டி மட்டும் யோக்கியமா?" என்னைக் கைக்கூலி என்று எழுதிய தம்பிக்கும் சேர்த்தே சொல்கிறேன். 2001-இல் ரேடியான் 8500 கார்டை விற்ற ஏடிஐ கம்பெனிதான் பின்னாளில் ஏஎம்டிக்குள் போனது. அந்தக் கார்டின் டிரைவர் குவேக் 3 என்ற கேமைப் பெயர் வைத்து அடையாளம் கண்டு, படத்தின் தரத்தைக் குறைத்து வேகம் காட்டியது. கேம் ஃபைலுக்குக் 'குவாக்' என்று பெயர் மாற்றி ஓட்டியபோது குட்டு வெளிப்பட்டது. யார் சொன்ன நிபந்தனைக்கும் கட்டுப்படாமல் சோதித்ததால் கிடைத்த உண்மை அது. 2003-இல் 3டிமார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளில் என்விடியா மாட்டியதும் அப்படித்தான். 2020 டிசம்பரில், வெளிச்சத்தையும் நிழலையும் தத்ரூபமாகக் காட்டும் ரே டிரேசிங் வசதியைப் போதுமான அளவு புகழவில்லை என்று அதே ஹார்டுவேர் அன்பாக்ஸ்டுக்குக் கார்டை நிறுத்தப் பார்த்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார்கள். இதையெல்லாம் படித்த பிறகுமா நான் கைக்கூலி?

அதே வருஷம் 1,999 டாலருக்கு அறிமுகமான 5090-க்கு விற்பனைக்கு முன்பே முழு ரிவ்யூக்கள் வந்தன. எதை வேண்டுமானாலும் ஓட்டினார்கள், எதோடு வேண்டுமானாலும் ஒப்பிட்டார்கள். 299 டாலருக்கு அறிமுகமான 5060 போன்ற கார்டு வாங்குகிறவர்தான் மாதக்கணக்கில் சேர்த்துவைத்து வாங்குகிறார், தவறினால் திரும்ப வாங்க வழியில்லாதவர். அவருக்கு மட்டும் ஏன் அது கிடையாது? இதற்குப் பதில் சொல்லுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.