ஸ்டெப்னியைக் கழற்றினால் காரின் மைலேஜ் கூடுமா?

ஸ்டெப்னியையும் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கும் இரும்புச் சட்டத்தையும் கழற்றிவிட்டு, பெட்ரோலையும் பாதி டேங்க் மட்டும் நிரப்பினால், லிட்டருக்கு 20 கி.மீ. தரும் கார் 25 கி.மீ. தரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 750 கிராம் என்பதால், 40 லிட்டர் டேங்கைப் பாதி காலியாக வைத்தால் குறைவது 15 கிலோதான். சிறிய காரின் ஸ்டெப்னியும் ஏறத்தாழ அவ்வளவே. சட்டத்தின் எடையையும் சேர்த்துத் தாராளமாக 45 கிலோ என்றே கொள்வோம். அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டியின்படி, 45 கிலோ கூடுதல் சுமை மைலேஜைச் சுமார் 1 சதவீதம் குறைக்கிறது. அந்தக் கணக்கில் இங்கே கிடைக்கும் ஆதாயம் லிட்டருக்கு ஏறத்தாழ 200 மீட்டர், 5 கி.மீ. அல்ல.

எடையே பொருட்டல்ல என்பதில்லை. வேகமெடுக்கும்போதும் மேடேறும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் எடை நேரடியாகக் கணக்கில் வருகிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் செல்லும்போதோ எஞ்சினின் பெரும்பங்கு உழைப்பு காற்றின் தடையை எதிர்ப்பதில் செலவாகிறது. அதனால், பயன்படுத்தாத கூரை கேரியரைக் கழற்றுவது உண்மையிலேயே பலன் தரும். டயர்களில் காற்றழுத்தத்தைச் சரியாக வைப்பதும் மைலேஜுக்கு உதவும்.

அந்தச் செய்தியில் என்னை மிகவும் கவலைப்படுத்துவது இரும்புச் சட்டத்தைப் பற்றிய யோசனைதான். மோதலின் விசையை முதலில் வாங்கி, காரின் அடிக்கட்டுக்குப் பரப்பி, உள்ளே இருப்பவர்களைக் காப்பதற்கென்றே பொருத்தப்பட்ட பாகம் அது. தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்.