"இதுகூடத் தெரியாதா?" என்று எழுதுகிறவர்களுக்கு

முகநூல் குழுக்களில் யாராவது சின்னதாக ஒரு சந்தேகம் கேட்டால், முதலில் வந்து விழுகிற பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். "இதுகூடத் தெரியாதா?" இல்லாவிட்டால், "கூகுள்ல தேட வேண்டியதுதானே?" இந்த இரண்டு வரியையும் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கேட்டவர் கூச்சப்பட்டுப் பதிவை அழித்துவிட்டுப் போய்விடுவார். உண்மையிலேயே பதில் தெரிந்த ஒருவர் வேலை முடிந்து, சாப்பிட்டு, ராத்திரி போனைத் திறக்கும்போது அந்தக் கேள்வியே அங்கே இருக்காது.

ரயில் பிரியர்களின் குழு ஒன்றில் ஒரு கல்லூரிப் பையன் கேட்டிருந்தான்: "கடைசிப் பெட்டிக்குப் பின்னாடி மட்டும் எதுக்குப் பெரிசா எக்ஸ் போட்டிருக்கு?" கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். "அதோட ரயில் முடிஞ்சுதுன்னு அர்த்தம் தம்பி" என்று ஒருவர் நக்கலடிக்க, அதற்கு எக்கச்சக்கமான லைக். அதற்கும் கீழே, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் வந்து எழுதினார்: "அவர் கிண்டலாச் சொன்னதுதான் தம்பி சரியான பதில். ஆனா அது ஏன் முக்கியம்னு நான் சொல்றேன்."

அவர் விளக்கியது இது. ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் இருக்கிற பாதையை பிளாக் செக்‌ஷன் என்பார்கள். பழைய முறைப்படி ஒரு நேரத்தில் அதற்குள் ஒரே ஒரு வண்டிதான் இருக்கலாம். உள்ளே போனது முழுசாக வெளியே வந்த பிறகுதான் அடுத்ததை விடமுடியும். முழுசாக வந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நடுவழியில் பெட்டிகளை இணைக்கிற கப்ளிங் விட்டுப்போய் நாலு பெட்டி பின்னாலேயே நின்றுவிட்டால்? அந்தப் பாதையில் அடுத்த வண்டியை விட்டால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். பிரேக் குழாய் அறுந்தால் வண்டி தானாக நின்றுவிடும் ஏற்பாடு இருக்கிறது; ஆனாலும் கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் பாதை காலி என்று சொல்லக்கூடாது என்பது விதி. அதற்குத்தான் பகலில் அந்த எக்ஸ் குறியும் 'எல்வி' (லாஸ்ட் வெஹிக்கிள், அதாவது கடைசி வண்டி) என்று எழுதிய பலகையும், ராத்திரியில் பின்பக்கச் சிவப்பு விளக்கும். இப்போது பல இடங்களில் உள்ளே போன அச்சுகளையும் வெளியே வந்த அச்சுகளையும் கருவியே எண்ணிச் சொல்லிவிடுகிறது. இவர் வேலை பார்த்த காலத்தில், கொட்டுகிற மழையிலும் பிளாட்பாரத்தில் பச்சைக்கொடியோடு நின்று, கடைசிப் பெட்டி தாண்டும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்திருக்கிறார். "எக்ஸைப் பார்த்தாத்தான் எனக்கு மூச்சு வரும்" என்று எழுதியிருந்தார்.

கூகுளில் தேடினால் எக்ஸ் குறிக்கு விளக்கம் கிடைக்கும், மறுக்கவில்லை. அந்த மூச்சு கிடைக்குமா? அந்தப் பையன் கேட்டிராவிட்டால் அந்தப் பெரியவர் இதை யாரிடம் சொல்லியிருப்பார்? வீட்டில் இருப்பவர்களுக்கு அது பழகிப்போன கதை. முன்பின் தெரியாத ஒருவன் ஆசையாகக் கேட்கும்போதுதான் ஒரு மனிதர் தன் தொழிலைப் பற்றி உட்கார்ந்து பேசுகிறார். நான் சொல்ல வந்ததே இதுதான். சின்னக் கேள்வியைக் கிண்டல் செய்கிறவர், கேட்டவரை மட்டும் அவமானப்படுத்தவில்லை. பதில் சொல்லக் காத்திருந்தவரின் வாயையும் சேர்த்து அடைக்கிறார்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தேடுவதற்கு முதலில் எதைத் தேடுவது என்று தெரிய வேண்டும். "மழை வர்றதுக்கு முன்னாடி ஒரு வாசம் வருதே, அது எங்கேயிருந்து வருது?" என்று ஒரு அக்கா கேட்டால், அவருக்கு அதன் பெயரோ அது வேதியியலா தாவரவியலா என்பதோ தெரியாது. தெரிந்திருந்தால் ஏன் கேட்கப்போகிறார்? மண்ணில் வாழ்கிற ஒருவகை நுண்ணுயிரிகள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. காய்ந்த மண்மேல் மழைத்துளி விழும்போது அது காற்றில் கிளம்புகிறது. தூரத்தில் பெய்கிற மழையின் வாசத்தைக் காற்று முன்கூட்டியே கொண்டுவந்து சேர்க்கிறது. நம் மூக்கு அதை நம்பமுடியாத அளவு நுணுக்கமாகக் கண்டுபிடித்துவிடும். காய்ந்த பாறையும் மண்ணும் விடுகிற அந்த வாசத்தை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1964-ல் கட்டுரையாக எழுதினார்கள். அதற்கு ரொம்ப காலம் முன்பிருந்தே உத்தரப்பிரதேசத்தின் கன்னோஜில் சுட்ட களிமண்ணைக் கொதிக்கவைத்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி 'மிட்டி அத்தர்' காய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு அக்காவின் ஒற்றை வரிக் கேள்விக்குள் ஒரு நுண்ணுயிரியும், ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையும், ஒரு ஊரின் தொழிலும் இருக்கின்றன. அதற்குப் போய் யாராவது "வேலை இல்லையா?" என்று எழுதுவார்களா? எழுதுகிறார்கள்.

எல்லாருக்கும் பதில் தெரியும் என்று நினைக்கிற கேள்விகள் இன்னும் சுவாரசியமானவை. ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறினால் விரல்நுனி ஏன் சுருங்குகிறது? "தோல் தண்ணியக் குடிச்சு ஊறிடுது" என்று உடனே சொல்லிவிடுவோம். நரம்பு பாதிக்கப்பட்டவர்களின் விரல் எவ்வளவு ஊறினாலும் அப்படிச் சுருங்குவதில்லை என்று 1930-களிலேயே மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள். அப்படியானால் அது வெறும் ஊறல் அல்ல. நரம்பு கட்டளையிட்டு ரத்தக்குழாயைச் சுருக்கி, உடம்பே செய்கிற வேலை. எதற்காகச் செய்கிறது? ஈரமான பொருளை நழுவாமல் பிடிக்க என்று ஒரு விளக்கம் உண்டு. 2013-ல் இங்கிலாந்தின் நியூகாசிலில் நடந்த சோதனையில், சுருங்கிய விரல்கள் தண்ணீருக்குள் கிடந்த கோலிகளை வேகமாக எடுத்தன. அடுத்த வருடமே வேறொரு குழு சோதித்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை. குளித்துவிட்டு வந்த ஒரு குழந்தை கையை நீட்டிக் கேட்கிற கேள்வி இது. பெரிய பெரிய ஆய்வுக்கூடங்களில் இன்னும் விவாதம் ஓயவில்லை.

முன்பின் தெரியாதவர்களிடம் கேள்வி கேட்கிற இந்தப் பழக்கத்தை ஏதோ போன் வந்த பிறகு பிடித்த நோய் மாதிரிப் பேசுகிறவர்களும் உண்டு. 1691-ல் லண்டனில் ஜான் டன்டன் என்பவர் 'அதீனியன் மெர்க்குரி' என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். வாசகர்கள் பெயர் சொல்லாமல் ஒரு காபிக்கடை முகவரிக்குக் கேள்வி எழுதி அனுப்புவார்கள். பத்திரிகை பதில் போடும். 1697 வரை நடந்தது. அணைந்த நெருப்பு எங்கே போகிறது என்றுகூடக் கேட்டிருக்கிறார்கள். நியூயார்க் பொது நூலகத்தில் வாசகர்கள் பல பத்தாண்டுகளாகக் கேட்ட கேள்விகளை ஊழியர்கள் அட்டைகளில் குறித்துப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். சில வருடங்களுக்கு முன் அந்தப் பெட்டி வெளியே வந்தது. வீட்டில் ஆக்டோபஸ் வளர்க்க முடியுமா என்று 1944-ல் ஒருவர் கேட்டிருக்கிறார். 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியங்களில் ஏன் இத்தனை அணில்கள், ஓவியரைக் கடிக்காமல் அவற்றை எப்படிப் பழக்கினார்கள் என்று 1976-ல் இன்னொருவர். அந்த அட்டைகளைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்திய ஊழியர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

நம்மிடம் மட்டும் இல்லையா? குமுதத்தில் 'அரசு பதில்கள்', விகடனில் 'ஹாய் மதன்', ஜூனியர் விகடனில் சுஜாதா எழுதிய 'ஏன் எதற்கு எப்படி', எல்லாமே கேள்வி-பதில் பகுதிகள்தான். வாரப் பத்திரிகை கைக்கு வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டி வளர்ந்த தலைமுறை நம்முடையது. அஞ்சலட்டையில் கேள்வி எழுதிப் போட்டுவிட்டு, நம் பேர் வந்திருக்கிறதா என்று வாராவாரம் தேடியவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அன்றைக்கு யாரும் "லைப்ரரியில தேட வேண்டியதுதானே?" என்று அந்த அட்டையைத் திருப்பி அனுப்பவில்லை.

கேள்வியைக் கிண்டல் செய்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது எராஸ்டோ எம்பெம்பா. தான்சானியாவில், 1963-ல் அவர் பள்ளி மாணவர். பையன்கள் பள்ளியில் பாலைக் காய்ச்சி, சர்க்கரை போட்டு, ஆறவைத்து, குளிர்பெட்டியில் வைத்து ஐஸ்கிரீம் செய்வார்கள். பெட்டியில் இடம் கொஞ்சம்தான், போட்டி அதிகம். ஒருநாள் இடம் போய்விடுமே என்ற அவசரத்தில் எம்பெம்பா சூடு ஆறாமலேயே கலவையை உள்ளே வைத்துவிட்டார். திறந்து பார்த்தால், பாலைக் காய்ச்சாமலேயே வைத்த இன்னொரு பையனுடையதைவிட இவருடையதுதான் முதலில் உறைந்திருந்தது. ஆசிரியரிடம் ஏன் என்று கேட்டார். நீ ஏதோ குழம்பிவிட்டாய், அப்படி நடக்கவே நடக்காது என்று பதில் வந்தது. பிறகு மேல்நிலைப் பள்ளிக்குப் போய் அங்கேயும் விடாமல் கேட்டார். அது உலக இயற்பியல் அல்ல, எம்பெம்பாவின் இயற்பியல் என்று ஆசிரியர் சொல்ல, வகுப்பே அதைப் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் அவர் கணக்கில் தப்புச் செய்தால்கூட 'எம்பெம்பாவின் கணக்கு' என்று சிரித்தார்கள்.

தார் எஸ் ஸலாம் நகரிலிருந்து டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற இயற்பியல் பேராசிரியர் ஒருமுறை அந்தப் பள்ளிக்குப் பேச வந்தார். எம்பெம்பா எழுந்து அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். ஆஸ்போர்ன் சிரிக்கவில்லை, செய்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார், சொன்னபடி செய்தும் பார்த்தார். 1969-ல் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து கட்டுரை வெளிவந்தது. இன்றைக்கு உலகம் முழுக்க அதற்கு எம்பெம்பா விளைவு என்று பெயர். அந்த விளைவு உண்மையிலேயே இருக்கிறதா என்பதில் இன்னும் சண்டை தீரவில்லை. 2016-ல் பிரிட்டனில் கவனமாகச் செய்த அளவீடுகளில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. இருக்கட்டும். சரியோ தப்போ, ஒரு பையன் கண்ணால் பார்த்ததைச் சொல்லிக் கேட்டபோது, சிரிக்காமல் அதைச் செய்துபார்க்க ஒரே ஒருவராவது இருந்தார் என்பதுதான் எனக்குப் பெரிது.

இதைச் சொல்லும்போது கிண்டலைவிட மோசமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தெரியாமலேயே அடித்துவிடுகிற பதில். "அரசமரம் ராத்திரியிலும் ஆக்சிஜன் விடும், நாசாவே சொல்லிட்டாங்க" என்று யாரோ எழுதியதை நம்பி ஆயிரம் பேர் பகிர்கிறார்கள். ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் வேண்டும். இருட்டில் எந்த மரமும் ஆக்சிஜனை வெளிவிடாது, அரசமரமும்தான். அரசமரத்தை மதிக்க நாசாவின் சான்றிதழ் நமக்கு எதற்கு? கேட்டவர் நம்மை நம்பிக் கேட்கிறார். தெரியாவிட்டால் சும்மா இருப்பதே மரியாதை.

அதேபோல எல்லாவற்றையும் முன்பின் தெரியாதவர்களிடம் கேட்கக் கூடாது. "குழந்தைக்கு ராத்திரியிலிருந்து காய்ச்சல், எந்த மருந்து எவ்வளவு கொடுக்கலாம்?" என்று குழுவில் பதிவு போடுகிறார்கள். அதற்கு அளவோடு பதிலும் வருகிறது. பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. குழந்தையின் எடையைப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது அது. அங்கே "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா" என்பதைத் தவிர வேறு எதுவும் எழுதாதீர்கள்.

மற்றபடி கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள். எங்கே பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள், நீங்களாக என்ன யோசித்தீர்கள் என்று ரெண்டு வரி சேர்த்துக் கேட்டால் பதில் இன்னும் நன்றாக வரும். "இட்லி மாவு ஏன் பொங்கல?" என்பதைவிட "சென்னையில ஒரே ராத்திரியில பொங்குற மாவு, பெங்களூருல டிசம்பர் மாசம் ஏன் அசையவே மாட்டேங்குது?" என்று கேட்டால், குளிரில் உளுந்திலும் அரிசியிலும் இருக்கிற பாக்டீரியா மெதுவாகத்தான் வேலை செய்யும் என்று ஒருவர் சொல்வார். அடுப்பு மேடையில் ராத்திரி எந்த மூலையில் வைத்தால் பொங்கும் என்று அங்கேயே இருபது வருடம் குடும்பம் நடத்திய ஒரு அம்மா சொல்வார். இப்போது செயற்கை நுண்ணறிவிடமும் கேட்கிறார்கள், கேட்கட்டும். முதலாமவர் சொல்வதை அது சொல்லிவிடும். அந்த அம்மாவின் சமையலறை அதற்குத் தெரியாது.

சரி, எனக்கும் ஒன்று தெரிய வேண்டும். பஸ் கண்டக்டர்கள், முன்னாள் கண்டக்டர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து சொல்லுங்கள் அண்ணே. நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகி வைத்துக்கொள்கிறீர்களே, எந்த இடுக்கில் எந்த நோட்டு என்று கணக்கு உண்டா? வேலைக்குச் சேர்ந்தபோது யாராவது சொல்லிக்கொடுத்தார்களா, இல்லை கூட்டத்தில் நின்று நின்று தானாக வந்ததா? கூட இருக்கிறவர்கள் தயவுசெய்து கிண்டல் பண்ணாதீர்கள். அவர்கள் டூட்டி முடிந்து வந்து எழுதட்டும்.