பாண்டை முதலில் ஆபீசுக்கு அனுப்புங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. எல்லாரும் கட்டையைச் சாய்க்கிற நேரம் பார்த்து அக்கா மகன் கேட்டான், “மாமா, அடுத்த ஜேம்ஸ் பாண்ட் யாரு?” அவ்வளவுதான், தூக்கம் போயிற்று. அத்தான் ஒரு பேர் சொன்னார், பையன் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு இன்னொரு பேர் சொன்னான், பாயில் படுத்திருந்த பெரிய மாமா (அம்மாவுக்கு அண்ணன், எழுபத்து மூன்று வயது, அரசாங்க ஆபீசில் கணக்குப் பிரிவில் இருந்து ரிட்டயர் ஆனவர்) பாதி எழுந்து, “ரோஜர் மூருக்கு அப்புறம் எவனும் பாண்டே இல்ல” என்று தீர்ப்பு எழுதிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

2025 பிப்ரவரியில் பாண்ட் படங்களின் கடிவாளம் அவற்றைக் காலங்காலமாகத் தயாரித்துவந்த ப்ரோக்கொலி குடும்பத்திடமிருந்து அமேசான் எம்ஜிஎம் கைக்குப் போனபோது அமேசானை ஆரம்பித்த ஜெஃப் பெசோஸும் எக்ஸ் தளத்தில் இதே கேள்வியைத்தான் கேட்டார். அதற்கப்புறம் ஏமி பாஸ்கலும் டேவிட் ஹேமனும் தயாரிப்பு, ஜூனில் டெனி வில்நவ் இயக்கம், ஜூலை கடைசியில் ஸ்டீவன் நைட் எழுத்து என்று வரிசையாக அறிவிப்பு வந்தது. ஒவ்வொரு அறிவிப்புக்கும் ரசிகர்கள் இரண்டு அணியாகப் பிரிந்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நானும் உடைத்துக்கொண்டேன், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் யார் நடிக்கிறார் என்பது எனக்கு இரண்டாம் பட்சம். அந்த ஆளுக்கு வேலை இருக்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டேனியல் கிரெய்க் 2006இலிருந்து 2021 வரை ஐந்து படம் நடித்தார். ‘கேசினோ ராயல்’: அப்போதுதான் டபுள் ஓ அந்தஸ்து (கொல்வதற்கு லைசென்ஸ்) கிடைக்கிறது, படம் முடிவதற்குள் ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிடுகிறார். ‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’: சொன்ன பேச்சைக் கேட்காததால் ‘எம்’ என்கிற மேலதிகாரி அவருடைய கார்டையெல்லாம் முடக்குகிறார். ‘ஸ்கைஃபால்’: குண்டடிபட்டு ரயிலிலிருந்து ஆற்றில் விழுந்து, செத்துவிட்டதாக எல்லாரும் நினைக்க, கடற்கரையில் குடித்துக்கொண்டு கிடக்கிறார். ‘ஸ்பெக்டர்’: ஆபீஸ் அனுப்பாமலே மெக்சிகோ போய்க் கட்டடத்தைச் சரித்துவிட்டு வர, எங்கேயும் நகரக் கூடாது என்று உத்தரவு, அதை மீறி ஆபீஸ் காரையே எடுத்துக்கொண்டு போகிறார், கடைசியில் வேலையையும் விட்டுவிட்டுக் கிளம்புகிறார். ‘நோ டைம் டு டை’: ரிட்டயர் ஆகி ஐந்து வருஷம், ஜமைக்காவில் மீன் பிடிக்கிறார், 007 என்ற நம்பரே வேறு ஆளிடம் போயாயிற்று. நம்ம ஊர் ஆபீசாக இருந்தால் மெமோ சேர்ந்து சேர்ந்தே அவருடைய ஃபைல் தலையணை மொத்தத்துக்கு வந்திருக்கும். உலகத்தின் பேர்போன அரசாங்க ஊழியர், பதினைந்து வருஷத்தில் ஒழுங்காக வேலைக்குப் போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கிரெய்க்கைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். அவரை அறிவித்தபோது, செம்பட்டைத் தலையோடு ஒரு பாண்டா என்று ஊரே கேலி செய்தது, நானும் செய்தேன். அப்புறம் ‘கேசினோ ராயல்’ பார்த்தேன். மாடிப்படியில் இரண்டு பேரைக் கொன்றுவிட்டு, அறைக்கு வந்து, சட்டையெல்லாம் ரத்தமாகக் கண்ணாடி முன்னால் நின்று ஒரு மடக்கு குடித்துத் தன் முகத்தையே பார்ப்பாரே, அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். என் பிரச்சினை அதன் பிறகு வந்தது. பாண்டுக்கு மனசு இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அதை விடாமல் நோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். பழைய வீடு, அநாதைப் பருவம், ‘ஸ்பெக்டர்’ படத்தில் பார்த்தால் பெரிய வில்லன் ப்ளோஃபெல்டு கூடவே வளர்ந்த அண்ணன் முறையாம்! தொலைந்துபோன அண்ணன் தம்பி கடைசி ரீலில் மச்சத்தைப் பார்த்துச் சேருகிற கதையை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம், அதற்கு லண்டன் வரைக்கும் போக வேண்டுமா?

சரி, ஆபீசுக்கு வருகிறேன். 1962, ‘டாக்டர் நோ’. நடுராத்திரி தாண்டி விடிகாலை மூன்று மணி சுமாருக்கு ஷான் கானரி, சீட்டாட்ட கிளப்பிலிருந்து நேராக எம் அறைக்கு வருகிறார். எப்போதுதான் தூங்குவாய் என்று எம் கேட்கிறார், ஆபீஸ் நேரத்தில் தூங்குவதில்லை ஐயா என்கிற மாதிரி ஒரு பதில். ஜமைக்காவில் நம்ம ஆள் ஒருவரைக் காணோம், காலை ஏழு மணிக்கு விமானம், போய்ப் பார். அதோடு விடவில்லை. துப்பாக்கியைக் கழற்றச் சொல்கிறார். பாண்ட் பல வருஷமாக வைத்திருக்கிற பெரெட்டா. போன தடவை அது சிக்கிக்கொண்டதால்தான் ஆறு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்தாய் என்கிறார். ஆயுதப் பிரிவிலிருந்து மேஜர் பூத்ராய்டு வந்து, இது பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளத்தான் லாயக்கு என்று சொல்லிவிட்டு வால்தர் பிபிகேயைக் கொடுக்கிறார். முகம் சுண்டிப்போய் வாங்கிக்கொள்கிற பாண்ட், போகிற போக்கில் பழையதையும் சத்தமில்லாமல் சேர்த்து எடுத்துக்கொண்டு நழுவப் பார்க்கிறார். எம் தலையைக்கூடச் சரியாக நிமிர்த்தவில்லை. அதை வைத்துவிட்டுப் போ.

சில நிமிஷக் காட்சி. இதில் பாண்டின் அப்பா யார் அம்மா யார் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் ஆள் யார் என்று முழுசாகத் தெரிந்துவிடுகிறது: தூங்க மாட்டான், சூதாடுவான், பழகிய பொருளை விட மாட்டான், மேலதிகாரிக்குப் பயப்படுவான், கொஞ்சம் திருட்டுத்தனமும் உண்டு.

இந்தத் துப்பாக்கி மாற்றத்துக்குப் பின்னால் இருப்பவர் ஒரு வாசகர். 1956இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஜெஃப்ரி பூத்ராய்டு என்கிற துப்பாக்கிப் பிரியர், பாண்ட் நாவல்களை எழுதிய இயன் ஃப்ளெமிங்குக்கு ஒரு கடிதம் போட்டார்: கதையெல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் உங்கள் ஆள் வைத்திருக்கிற பெரெட்டா பொம்பளைத் துப்பாக்கி, ரிவால்வர் கொடுங்கள். ஃப்ளெமிங் கோபித்துக்கொள்ளவில்லை. பதில் எழுதினார், கடிதம் வளர்ந்தது, 1958இல் வந்த ‘டாக்டர் நோ’ நாவலில் துப்பாக்கியை மாற்றியதோடு அந்த வாசகரின் பெயரையே ஆயுத அதிகாரிக்கு வைத்துவிட்டார். பாண்டுக்கு விதவிதமான கருவி கொடுக்கிற ஆளாக, பின்னாளில் க்யூ என்று உலகமே கொண்டாடிய பாத்திரத்தின் வேர் அதுதான். இதில் வேடிக்கை, அவர் சொன்ன ரிவால்வரை விட்டுவிட்டு ஃப்ளெமிங் வால்தரைப் பிடித்துக்கொண்டார், ஆனால் ரிவால்வருக்குச் சொன்ன உறையை அதற்கு மாட்டிவிட்டார். அது இதற்குப் பொருந்தாது! அதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் போடவும் ஆள் இருந்தார்கள். ரசிகர்கள் இப்போதுதான் ஆட்டம் போடுகிறார்கள் என்று சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாம் அன்றைக்கே இப்படித்தான்.

எம்மின் அந்த ஆபீஸ் மேஜையை நான் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. காலம் மாறிவிட்டது என்பதை இந்தப் படங்கள் எப்போதும் அங்கேதான் சொல்லியிருக்கின்றன. 1989க்கு அப்புறம் வழக்குகளால் ஆறு வருஷம் படமே இல்லை. அதற்குள் பெர்லின் சுவர் விழுந்தது, சோவியத் யூனியனே இல்லாமல் போயிற்று. இனிமேல் இவன் எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். 1995இல் ‘கோல்டன் ஐ’ வந்தபோது எம் நாற்காலியில் ஜூடி டென்ச் உட்கார்ந்திருக்கிறார். பாண்டை முகத்துக்கு நேராக, நீ பெண்களை மட்டமாக நினைக்கிற ஒரு டைனோசர், பனிப்போரின் மிச்சம் என்கிறார். சொல்லிவிட்டு வேலையைக் கொடுக்கிறார். பாண்ட் வெளியே போகும்போது, உயிரோடு திரும்பி வா என்றும் சொல்கிறார். விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதியதை அந்த அம்மா சில வரியில் முடித்துவிட்டார், பாண்டும் எதிர்த்துப் பேசாமல் வேலையைப் பார்க்கப் போனார். ‘ஸ்கைஃபால்’ படத்தில் அந்த மேஜை லண்டன் நேஷனல் கேலரியில் ஒரு பெஞ்சாக மாறியது, எதிரே உடைப்பதற்கு இழுத்துச் செல்லப்படும் பழைய போர்க்கப்பலின் ஓவியம், பக்கத்தில் முகத்தில் பால் வடியும் க்யூ. வெடிக்கிற பேனாவெல்லாம் இப்போது கிடையாது சார். அதுவும் போதுமானதாக இருந்தது.

ஆகவே ‘பாண்ட் மாறலாமா கூடாதா’ என்று கேட்டால் எனக்குச் சிரிப்புதான் வரும். மாறாமல் எப்போது இருந்தார்? 1977இல் ‘தி ஸ்பை ஹூ லவ்டு மீ’ படம் முடியும்போது அடுத்தது ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ என்று போட்டார்கள், அந்த வருஷம் ‘ஸ்டார் வார்ஸ்’ அடித்த அடியைப் பார்த்து, அதைத் தள்ளி வைத்துவிட்டு ‘மூன்ரேக்கர்’ என்று பாண்டை விண்வெளிக்கு அனுப்பினார்கள். ஊரில் குங்ஃபூ ஓடினால் குங்ஃபூ, போதை மருந்துக் கும்பல் கதை ஓடினால் அது. 2002இல் ‘டை அனதர் டே’ படத்தில் கண்ணுக்குத் தெரியாத கார் வரைக்கும் போய், இதற்கு மேல் போக இடமில்லை என்று தெரிந்ததும் மறுபடி தரைக்கு வந்தார்கள்.

அத்தானின் கட்சி வேறு. பாண்டைத் திரும்ப 1960களில் வைத்துப் படம் எடுக்க வேண்டும், செல்போன் இல்லாத காலம், கோட்டு சூட்டு, சிகரெட் புகை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘டாக்டர் நோ’ வந்தபோது அது பழைய காலத்துப் படம் இல்லை. அன்றைய செய்தித்தாள். வில்லனின் மாளிகையில் பாண்ட் படியேறும்போது ஓர் ஓவியத்தைப் பார்த்து நிற்பார். கோயா வரைந்த வெலிங்டன் பிரபுவின் படம். 1961 ஆகஸ்டில் லண்டன் நேஷனல் கேலரியிலிருந்து நிஜமாகவே களவு போனது அது, படம் வெளியானபோதும் அகப்படவில்லை. ஓ, திருடியது இவன்தானா! வசனமே தேவைப்படவில்லை. 1965இல்தான் ஓவியம் திரும்பக் கிடைத்தது. இன்றைக்கு அப்படி ஒரு குறும்பு செய்ய எவ்வளவு கிடக்கிறது? 2024 நவம்பரில் பால்டிக் கடலுக்கு அடியில் பின்லாந்துக்கும் ஜெர்மனிக்கும் போகிற கேபிள் அறுந்தது. இருக்கிற இடத்தைக் காட்டும் கருவியை அணைத்துவிட்டு எண்ணெய்க் கப்பல்கள் ஓடுகின்றன. விமான நிலையத்தில் கேமரா முகத்தைப் பார்த்தே பேர் சொல்கிறது. பொய்ப் பாஸ்போர்ட்டில் ஓர் உளவாளி எப்படிப் போவான்? (நம்ம ஆள் எப்படியும் போகிற இடமெல்லாம் சொந்தப் பேரைத்தான் சொல்வார், அது வேறு விஷயம்.) இதையெல்லாம் விட்டுவிட்டு 1962இல் போய் ஒளிந்துகொள்வதா?

பெரிய மாமாவுக்கு ‘ஆக்டோபுஸி’தான் உயிர். 1983இல் மவுண்ட் ரோடு தியேட்டர் ஒன்றில், விஜய் அமிர்தராஜ் திரையில் வந்ததும் விசில் பறந்ததாம். மெட்ராஸ் ஆள், விம்பிள்டனில் ஆடியவர், உதய்ப்பூர் சந்தில் ஆட்டோ ஓட்டிக்கொண்டே டென்னிஸ் ராக்கெட்டால் அடியாட்களை அடிப்பார், வேடிக்கை பார்க்கிற கூட்டம் டென்னிஸ் மேட்ச் போலத் தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பும். “நம்ம பையனைப் பாதியிலேயே கொன்னுட்டானுங்க” என்பது மாமாவின் நாற்பது வருஷக் குறை. என் குறை வேறு. சூதாட்டத்தில் ஜெயித்த நோட்டுக் கட்டை ரோஜர் மூர் இந்திய ஆளிடம் கொடுத்து, சில வாரம் கறிச் சாப்பாட்டுக்கு ஆகும் என்கிற மாதிரி ஒரு ஜோக் அடிப்பார். முதலில் பார்த்தபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை. கல்லூரி முடித்த பிறகு மறுபடி பார்த்தபோது சுருக்கென்றது. அதை யாரும் வெட்ட வேண்டாம், அது அன்றைய பாண்ட், கிடக்கட்டும். புதுப் படத்தில் அந்த மாதிரி பேசினால் எதிரே இருக்கிறவர் பதில் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

கறுப்பர் நடிக்கலாமா என்பதெல்லாம் எனக்கு ஒரு விவாதமே இல்லை. பாண்டின் அமெரிக்க நண்பர் ஃபீலிக்ஸ் லைட்டர் 2006இலிருந்து ஜெஃப்ரி ரைட், எம்மின் செக்ரட்டரி மனிபென்னி 2012இலிருந்து நவோமி ஹாரிஸ், இரண்டு பேரும் கறுப்பர்கள், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. பெண் பாண்ட் வேண்டாம் என்பேன், அந்த நடிகைக்குப் பழைய கோட்டை வெட்டித் தைத்துக் கொடுப்பதைவிடப் புதுத் துணி எடுத்துக் கொடுப்பது மரியாதை என்பதால்.

அக்கா மகனின் ஆசைதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. மனிபென்னிக்கு ஒரு சீரிஸ், க்யூவுக்கு ஒரு சீரிஸ், எம் இளைஞராக இருந்தபோது என்று ஒரு சீரிஸ். 2023இலேயே பிரைமில் 007 பேரில் ஒரு பரிசுப் போட்டி நிகழ்ச்சி வந்துவிட்டது. டேய், மனிபென்னி ஆபீசை விட்டு எங்கே போகிறாள், ராத்திரி என்ன சாப்பிடுகிறாள் என்று தெரியாததால்தானே அந்த இரண்டு நிமிஷப் பேச்சு இனிக்கிறது? பத்து எபிசோடு காட்டினால் அப்புறம் அவள் கதவருகே நின்று பேச என்ன இருக்கும்?

‘நோ டைம் டு டை’ பார்த்தது 2021இல், தியேட்டரில் பாதி இருக்கைதான் அனுமதி, ஒரு சீட் விட்டு ஒரு சீட், எல்லார் முகத்திலும் மாஸ்க். ஏவுகணை வந்து விழுந்து பாண்ட் போய்ச் சேர்ந்தார். எனக்குக் கண் கலங்கியது உண்மை. எல்லாம் ஓடி முடிந்து ‘ஜேம்ஸ் பாண்ட் திரும்பி வருவார்’ என்று திரையில் எழுத்து வந்ததும் பின் வரிசையில் ஒரு குரல்: “எப்படிடா வருவான், இப்பத்தானடா செத்தான்?”

எப்படி வருவார் என்று தயவுசெய்து யாரும் விளக்க வேண்டாம். 1969இல் பாண்டாக வந்த ஜார்ஜ் லேசன்பி மனைவியைப் பறிகொடுத்து அழுதார், 1971இல் கானரி வந்து நின்றார், யாரும் ரேஷன் கார்டு கேட்கவில்லை. 1981இல் ரோஜர் மூர் அதே மனைவியின் கல்லறையில் பூ வைத்தார். அந்த அளவு நூல் போதும். கதவைத் திறந்து உள்ளே வரட்டும், எம் ஒரு ஃபைலை நீட்டட்டும், எதையாவது பிடுங்கிக்கொண்டு வேறு எதையாவது கொடுக்கட்டும், அவர் முகம் சுண்டட்டும், ஏழு மணிக்கு விமானம்.

இதையெல்லாம் அன்றைக்கு மதியம் மூச்சுவிடாமல் பேசி முடித்தபோது அத்தான் தூங்கிவிட்டார், பையன் போனில் இருந்தான். பெரிய மாமா மட்டும் கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“ஸ்கைஃபால்ல செத்துட்டான்னு எழுதிட்டாங்கன்னியே, அந்த மாசங்களுக்குச் சம்பளம் நிறுத்தினாங்களா?”

“தெரியலையே மாமா. வீட்டை வித்துட்டாங்க, சாமானெல்லாம் குடோன்ல போட்டுட்டாங்க.”

“அப்ப திரும்பி வந்தவனுக்கு அரியர்ஸ் யாரு போட்டா?”