மறுப்பதற்கு முன் எடுத்துரைப்போம்

மதத்தைப் பற்றி இணையத்தில் பேசவே கூடாது என்று சொல்லும் நண்பர்கள் எனக்குப் பலர் உண்டு. அவர்களது அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த முடிவில் எனக்கு உடன்பாடில்லை. கடவுள் ஒருவரா பலரா, அல்லது இல்லவே இல்லையா, இறந்தபின் உயிருக்கு என்ன ஆகிறது, வேதநூல் இறைவனின் சொல்லா மனிதரின் சொல்லா என்பவையெல்லாம் மனித வாழ்வின் அடிப்படைக் கேள்விகள். சமயங்கள் இவற்றுக்குத் தரும் விடைகள் பல இடங்களில் நேருக்கு நேர் மோதுகின்றன. 'எல்லா மதமும் ஒன்றைத்தானே சொல்கிறது' என்று அந்த மோதலை ஒரே வரியில் மூடிவிடுவது நல்லெண்ணத்தால்தான் என்றாலும், தம் சமயத்தை ஆழ்ந்து கற்று அதன்படி வாழ்கிற எவருக்கும் அது உண்மையாகப் படுவதில்லை. மறுபிறவி உண்டு என்பவரும் இல்லை என்பவரும் ஒரே செய்தியைச் சொல்லவில்லை. அந்த வேறுபாட்டை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு பேசுவதுதான் இருவருக்கும் செய்யும் மரியாதை என்று நான் உறுதியாக நம்புகிறேன். எப்படி மறுப்பது என்பதுதான் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது.

இதற்கு நம் மொழியிலேயே ஒரு முறை இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், பரபக்கம், சுபக்கம் என்று இரு பகுதிகளைக் கொண்டது. தம் கொள்கையை நிறுவும் சுபக்கத்துக்கு முன்பாகப் பரபக்கத்தில், கண்ணால் காணும் உலகமே உண்மை என்னும் உலகாயதம் தொடங்கிப் பிறருடைய கொள்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். அந்தக் கொள்கையினர் என்ன சொல்கிறார்கள் என்பதை முதலில் விரித்துரைத்துவிட்டு, அதன் பிறகே மறுப்பைத் தொடங்குகிறார். மறுப்பு கூர்மையானதுதான், விட்டுக்கொடுத்தல் அதில் இல்லை. ஆனால் எதை மறுக்கிறார் என்பது படிப்பவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிடுகிறது. இதே ஒழுங்கு எதிராளிக்கு என்ன செய்யக்கூடும் என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. குண்டலகேசி என்னும் பௌத்தக் காப்பியம் நமக்கு முழுதாகக் கிடைக்கவில்லை. எஞ்சியிருக்கும் சில பாடல்களில் ஒரு பகுதி, அதை மறுக்க எழுந்த சமண நூலான நீலகேசியின் உரையில் மேற்கோளாக நின்று பிழைத்தது. மறுக்க வந்தவர்கள் எதிர்த்தரப்பின் சொற்களை அப்படியே எடுத்துக்காட்டியதால், அந்தச் சொற்கள் இன்றும் நம்மிடம் இருக்கின்றன.

இன்று முகநூலில் நடக்கும் மத விவாதங்களில் எனக்கு மிகவும் குறையாகத் தெரிவது இந்தப் பரபக்கம்தான். ஒரு பதிவின் கீழே நடப்பதைச் சற்று நெருங்கிப் பாருங்கள். உண்ணாநோன்பைப் பற்றி ஒருவர் எழுதுகிறார். வேறு சமயத்தைச் சேர்ந்த ஒருவர் வந்து, 'உடலை வருத்துவதால் இறைவனுக்கு என்ன பயன்?' என்று கேட்கிறார். நியாயமான கேள்வி, அந்தச் சமயத்துக்கு உள்ளேயே பலர் கேட்டுச் சிந்தித்த கேள்வியும்கூட. எழுதியவர், 'இறைவனுக்குப் பயன் என்று நாங்கள் கருதுவதில்லை, எங்கள் ஆசைகளை நாங்கள் அடக்கிப் பழகவே இது' என்று பதில் சொல்கிறார். இதுவரை நல்ல உரையாடல். மூன்றாவதாக ஒருவர் நுழைந்து, 'உங்க ஆளுங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு சாக்கு' என்கிறார். நான்காமவர் பல நூற்றாண்டுகளுக்கு முன் நடந்த ஒரு படையெடுப்பை இழுத்து வருகிறார். ஐந்தாமவர் பதிலுக்கு வேறொரு படையெடுப்பைக் கொண்டுவருகிறார். சிறிது நேரத்தில் நோன்பைப் பற்றி எழுதியவர், தாம் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே மாண்டுபோன ஓர் அரசனின் செயலுக்கு விளக்கம் சொல்லும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். முதலில் கேள்வி கேட்டவருக்கும் முழுமையான விடை கிடைப்பதில்லை. பேச்சு ஒரு கொள்கையிலிருந்து ஒரு கூட்டத்தின் மீது தாவிய இடம் அந்த மூன்றாவது கருத்துதான். அதை அப்போதே ஒருவர், 'நாம் பேசிக்கொண்டிருந்தது நோன்பைப் பற்றி, அதையே தொடர்வோம்' என்று தடுத்திருந்தால் பெரும்பாலும் பேச்சு தப்பியிருக்கும்.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் லூத்தரன் என்னும் புராட்டஸ்டண்ட் திருச்சபையின் ஆயராக இருந்த கிறிஸ்டர் ஸ்டெண்டால், 1985இல் அந்த நகருக்கருகே, அமெரிக்காவில் தோன்றிய மோர்மன் சமயத்தாரின் ஆலயம் ஒன்று கட்டப்படுவதற்கு எதிர்ப்பு எழுந்தபோது, பிற சமயங்களைப் புரிந்துகொள்ள மூன்று வழிகளைச் சொன்னார். ஒரு சமயத்தைப் பற்றி அறிய வேண்டுமானால் அதைப் பின்பற்றுபவர்களிடம் கேளுங்கள், அதன் எதிரிகளிடம் கேட்காதீர்கள் என்பது முதலாவது. உங்களுடைய மிகச் சிறந்ததை அவர்களுடைய மிக மோசமானதோடு ஒப்பிடாதீர்கள் என்பது இரண்டாவது. அவர்களிடம் உள்ள ஏதோ ஒன்று நமக்கும் வாய்க்காதா என்று ஏங்குவதற்கு மனத்தில் இடம் வையுங்கள் என்பது மூன்றாவது.

இவற்றுள் இரண்டாவதை நான் மீண்டும் மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன். நாம் அறியாமலேயே செய்யும் அநீதி அதுதான். நம் சமயம் என்றவுடன் அதன் ஞானிகளும் தொண்டும் உயர்ந்த போதனைகளும் நினைவுக்கு வருகின்றன. அடுத்தவர் சமயம் என்றவுடன் செய்தியில் வந்த ஒரு குற்றவாளியின் முகம் நினைவுக்கு வருகிறது. நம் தரப்பில் ஒருவன் கொடுமை செய்தால் 'அவன் உண்மையான பக்தனே அல்லன்' என்கிறோம். அவர்கள் தரப்பில் ஒருவன் செய்தால் 'அவர்கள் போதனையே அப்படித்தான்' என்கிறோம். இலட்சியத்தை இலட்சியத்தோடும் நடைமுறையை நடைமுறையோடும் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஒழுங்கைக் கடைப்பிடித்தால், இணையத்தில் சுற்றும் மத ஒப்பீட்டுப் பதிவுகளில் பெரும்பாலானவை எழுதப்பட்டிருக்கவே மாட்டா.

முதலாவது வழிக்கும் இணையத்தில் தனி முக்கியத்துவம் இருக்கிறது. பிறருடைய வேதநூலிலிருந்து ஓரிரு வரிகளை வெட்டியெடுத்து, அதிகார எண்ணும் வசன எண்ணும் போட்டு, 'அவர்கள் நூலிலேயே இருக்கிறது பாருங்கள்' என்று படமாக்கிப் பகிர்கிறார்கள். எண் இருப்பதால் அது ஆதாரம் போலத் தோன்றுகிறது. அந்த வரிக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, அது யாரை நோக்கி எந்தச் சூழலில் சொல்லப்பட்டது, அந்தச் சமயத்தின் உரையாசிரியர்கள் அதை எப்படிப் பொருள்கொண்டார்கள், இன்று அதைப் படிப்பவர்கள் அதைக் கட்டளையாகக் கொள்கிறார்களா வரலாறாகக் கொள்கிறார்களா என்பதை யாரும் கேட்பதில்லை. கேட்டுவிட்டு, அதன் பிறகும் அந்த வரி உங்களுக்கு ஏற்புடையதாக இல்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். அந்த மறுப்புக்கு எடை இருக்கும். கேட்காமல் பகிர்பவர், தம் நூலின் கடினமான வரிகளை வேறொருவர் அதே போல வெட்டிப் போடும்போது வருந்துவதற்கு நியாயம் இல்லாதவராகிவிடுகிறார்.

மூன்றாவது வழியை மிகக் கடினமானது என்று பலர் கருதுகிறார்கள். தம் நம்பிக்கையை விட்டுக்கொடுப்பதாகிவிடுமோ என்று தயங்குகிறார்கள். 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாக்தாதில் நடந்த ஓர் உரையாடல் அந்தத் தயக்கத்துக்கு நல்ல விடை. கலீஃபா அல்-மஹ்தியின் அவையில், கிழக்கத்தியத் திருச்சபையின் தலைவரான முதலாம் திமோத்தேயுவிடம், முகம்மது நபியைப் பற்றி என்ன கருதுகிறீர்கள் என்று கேட்கப்பட்டது. தம் மக்களைத் தீச்செயல்களிலிருந்து விலக்கி ஒரே இறைவனிடம் திருப்பியதால் அவர் போற்றத்தக்கவர், இறைவாக்கினர்களின் வழியில் நடந்தவர் என்று திமோத்தேயு விடை சொன்னார். அதே உரையாடலில், தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கும் ஒரே இறைவன் என்ற தம் கொள்கையில் அவர் ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. கலீஃபாவும் தம் நிலையை மாற்றிக்கொள்ளவில்லை. எந்த அளவுக்கு மனமார ஒப்புக்கொள்ள முடியுமோ அந்த அளவுக்கு ஒப்புக்கொண்டுவிட்டு, முடியாத இடத்தில் முடியாது என்று சொல்லும் அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

நேரில் இப்படிப் பேசக்கூடியவர்கள் திரைக்கு முன் ஏன் மாறிவிடுகிறார்கள்? முகம் தெரியாதபோதும் பதில் உடனே வராதபோதும் மனிதர்கள் வழக்கமான கட்டுப்பாட்டை இழக்கிறார்கள் என்பதை உளவியலாளர் ஜான் சூலர் 2004இலேயே விரிவாக எழுதினார். அதைவிட எனக்குக் கவலையளிப்பது, நாம் எழுதும் இடத்தின் அமைப்பே சினத்துக்குச் சாதகமாக இருப்பது. முகநூல் 2017 முதல், கோபம் உள்ளிட்ட உணர்வுக்குறிகளுக்கு ஒரு விருப்பக்குறியைப்போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்துப் பதிவுகளை முன்னிறுத்தியது என்பது, 2021இல் வெளியே வந்த அந்நிறுவனத்தின் உள் ஆவணங்களால் தெரியவந்தது. கோபக் குறிக்கான அந்த மதிப்பைப் பின்னர் அவர்களே நீக்கிவிட்டார்கள். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே 2021இல் ட்விட்டரில் சுமார் 1.27 கோடிப் பதிவுகளை ஆராய்ந்து, ஆவேசமாக எழுதியதற்கு விருப்பக்குறிகளும் பகிர்வுகளும் பெற்றவர்கள் அடுத்தடுத்து மேலும் ஆவேசமாக எழுதினார்கள் என்று கண்டார்கள். கைதட்டுக் கிடைத்த குரலில்தான் மனிதர் மீண்டும் பேசுகிறார். மதம் என்பது ஒருவருடைய பெற்றோர், பிள்ளைகள், இறந்துபோனவர்கள் எல்லோரோடும் பின்னிக்கிடக்கும் விஷயம் என்பதால், அங்கே இந்தப் பழக்கம் வேறெங்கையும் விட அதிகமான காயத்தை உண்டாக்குகிறது.

ஆகவே, ஒருவரோடு உண்மையாகவே ஒரு கொள்கையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் உள்பெட்டிக்குப் போவது நல்லது என்பது என் அனுபவம். பார்வையாளர்கள் இல்லாத இடத்தில், பிறர் முன் தோற்றுவிடுவோமே என்ற அச்சமும் இல்லை. பொதுவெளியில் 'எனக்கு இது தெரியவில்லை, படித்துவிட்டுச் சொல்கிறேன்' என்று எழுத முடியாதவர்கள் அங்கே அதை இயல்பாக எழுதுகிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நாகரிகமாகப் பேசு என்ற கோரிக்கை எல்லோர் மீதும் ஒரே எடையோடு விழுவதில்லை. 1263இல் இன்றைய ஸ்பெயினில் உள்ள பார்சிலோனாவில், அரகோன் நாட்டு அரசர் முதலாம் ஹைமேயின் முன்னிலையில் யூத அறிஞர் நாக்மனிதேஸ், கிறித்தவத் துறவி பாப்லோவோடு வாதிட அழைக்கப்பட்டார். தடையின்றிப் பேச அரசரிடம் அனுமதி பெற்றுத்தான் அவர் வாதிட்டார். ஆயினும், பின்னர் தம் வாதங்களை நூலாக எழுதியதற்காக அவர் மீது தெய்வநிந்தனைக் குற்றச்சாட்டு எழுந்தது. இறுதியில் நாட்டைவிட்டே போக நேர்ந்தது. பலம் முழுவதும் ஒரு பக்கம் இருக்கும்போது, எளிய பக்கத்தில் இருப்பவரின் தொனியை மட்டும் அளந்துகொண்டிருப்பது நியாயமாகாது. ஒரு சமயத்துக்குள் துன்பப்பட்டு அதைவிட்டு வெளியேறியவர் பேசும்போதும் இப்படித்தான். சமயத்தை மாற்றிக்கொள்ளும் உரிமையை 1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் தன் 18ஆம் பிரிவிலேயே சொல்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தியவரின் குரலில் வலி இருந்தால், அவர் சொல்லும் செய்தியை முதலில் கேட்க வேண்டும். சொற்களைத் திருத்துவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கொள்கைக்கும் மனிதருக்கும் இடையே உள்ள எல்லைக்கோட்டை உலக அமைப்புகளே மெதுவாகத்தான் வந்தடைந்தன. மதங்களை இழிவுபடுத்துவதற்கு எதிராகப் பல ஆண்டுகள் தீர்மானம் இயற்றிவந்த ஐ.நா. மனித உரிமை மன்றம், 2011இல் நிறைவேற்றிய 16/18 எண் தீர்மானத்தில், மதத்தின் பெயரால் மனிதர்கள் மீது காட்டப்படும் சகிப்பின்மை, பாகுபாடு, வன்முறை ஆகியவற்றுக்கு எதிராகப் பேசியது. ஒரு கொள்கை தவறு என்று சொல்லலாம், ஒரு சடங்கு பொருளற்றது என்று சொல்லலாம். அந்தக் கொள்கையுடையவர்களை வாழவிடக் கூடாது, அவர்களோடு கொடுக்கல் வாங்கல் கூடாது, அவர்கள் நோய்க்கிருமிகள் என்றெல்லாம் சொல்லத் தொடங்கினால் அது விவாதமே அன்று. அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை, புகாரளிக்க வேண்டும். மியான்மரில் சிறுபான்மையினரான ரோஹிங்கியா முஸ்லிம் மக்களுக்கு எதிரான வெறுப்பு தன் தளத்தில் பரவியதைத் தடுக்கப் போதிய அளவு செய்யவில்லை என்று முகநூல் நிறுவனமே 2018இல் ஒப்புக்கொண்டது. எழுத்துதானே என்று அலட்சியமாக இருக்க முடியாது என்பதற்கு அதற்கு மேல் சான்று வேண்டாம்.

வெறும் புகாரால் மட்டும் இது மாறாது என்பதும் எனக்குத் தெரியும். உண்மையில் ஒருவரைத் தடுத்து நிறுத்தக்கூடியவர்கள் அவருடைய சொந்தத் தரப்பினர்தான். ட்விட்டரில் கறுப்பின மக்களை இழிசொல்லால் தாக்கிய வெள்ளையர்களை வைத்து அரசியல் அறிவியலாளர் கெவின் மங்கர் நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. பின்தொடர்வோர் அதிகமுள்ள ஒரு வெள்ளையரின் கணக்கு போலத் தோன்றியதிலிருந்து கண்டிப்பு வந்தபோதுதான் அவர்கள் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. இதை மத விவாதத்துக்குப் பொருத்திப் பாருங்கள். பிற சமயத்தவர் வந்து 'இப்படி எழுதாதே' என்றால் அது தாக்குதலாகத் தெரிகிறது. நம் ஆள் சொன்னால் வெட்கம் வருகிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே அசோகர் தம் 12ஆம் பாறைக் கல்வெட்டில், தன் சமயத்தின் மீதுள்ள பற்றினால் அதைப் புகழ்ந்து பிறர் சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே பெருந்தீங்கு செய்கிறான் என்று பொறித்துவைத்தார். நாவடக்கத்தை அவர் அங்கே கேட்டது, பற்று மிகுந்தவர்களிடம்தான்.

எனவே, அடுத்தவர் வழிபாட்டை ஏளனம் செய்து நம்மவர் ஒருவர் எழுதும்போது, அதற்குச் சிரிப்புக்குறி இடாமல் கடந்துபோவது போதாது என்பதே என் நிலைப்பாடு. அதே பதிவின் கீழே, அவர் பெயரைச் சொல்லி, 'அண்ணே, அவர்கள் கொள்கையில் உங்களுக்கு எது தவறாகப் படுகிறதோ அதை எழுதுங்கள், அதைப் பேசுவோம், இந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்' என்று எழுத வேண்டும். சிலர் எடுத்துவிடுவார்கள். சிலர் நம்மைத் துரோகி என்பார்கள், நட்பிலிருந்தும் நீக்குவார்கள். அந்தப் பதிவைப் பார்த்துக்கொண்டிருந்த மாற்றுச் சமயத்தவர் ஒருவர், நமக்குத் தெரியாமலேயே, 'இவர்களில் எல்லோரும் அப்படியில்லை' என்று அறிந்துகொள்வார். அடுத்த முறை அவருடைய தரப்பில் ஒருவர் எல்லை மீறும்போது அவரும் வாய் திறக்கக்கூடும்.